அசனத்துக்கு வேண்டாமென்ற கிடா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகன் ஆசீருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், தோஹாவில் நீயும் மருமகளும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம். சுகம் என்று எழுதாமல் நடமாட்டம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு, அப்பாவுக்கு வலது முட்டி வீங்கியிருக்கிறது, எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, இரண்டும் பதினாறு நாளாக இறங்கவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ வேத வசனத்தை எடுத்துவிடுவாய், நான் வாயை மூடிக்கொள்வேன், பிறகு பேத்தி என்ன சாப்பிட்டாள் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். முந்தாநாள் கூப்பிட்டபோது வெள்ளிக்கிழமை ஐக்கியக் கூட்டத்தில் இருக்கிறேன் என்றாய். நேற்றுக் கூப்பிட்டபோது, சத்தியம்னா வலிக்கத்தான் செய்யும்மா என்றாய். யாருக்கு வலிக்கிறது என்று நீ கேட்கவே இல்லை. தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் உன் தங்கை சுகுணாவைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன், தபாலுக்குக் காத்திருக்க நேரம் இல்லை. ஏன் இல்லை என்பது கடைசிவரை படித்தால் தெரியும். பாதியில் நிறுத்திவிட்டுப் பதில் அனுப்பாதே.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் மழை விதைக்கிற நேரத்தில் ஏமாற்றிவிட்டுக் கதிர் முற்றுகிற நேரத்தில் வந்து கொட்டியது. மக்காச்சோளத்தில் பாதியைப் புழுவும் மீதியில் பாதியைக் காட்டுப்பன்றியும் தின்றன, நமக்கு மிஞ்சியதை ஒரே நாளில் அடித்து அனுப்பிவிட்டோம். உளுந்து மட்டும் தப்பித்தது, மருமகளுக்கு நாலு படி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சுகுணா கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு எட்டயபுரம் பஸ்ஸில் போய் வருகிறாள், நின்றுகொண்டே போகிறாள், நின்றுகொண்டே வருகிறாள், அவளை ஒரு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள், அதைப் பிறகு பேசுவோம், இப்போது எனக்கு அதில் மனசு இல்லை. அப்பா இன்னும் கோயில்பிள்ளை வேலையை விடவில்லை. அறுபத்தாறு வயதில் மணி அடிப்பதும் கோயிலைக் கூட்டுவதும் பாய் விரிப்பதும் கமிட்டிக்காரர்கள் சொல்கிற இடத்துக்கெல்லாம் ஓடுவதும் போதும் என்று நீயும் சொல்கிறாய், நானும் சொல்கிறேன், மணிக்கயிற்றை இன்னொருவன் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. முட்டி வீங்கியது மணி அடித்து இல்லை. வர மாட்டேன் என்று நின்ற ஒரு கிடாவை இரண்டு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போனதால் வீங்கியது. அந்தக் கிடா எது என்று உனக்குத் தெரியும்.

வெயிலுகந்தம்மாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஓடையைத் தாண்டித் தெற்கே ஆடு வைத்துப் பிழைக்கிறவள், புதூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, ஒற்றை மகன் இசக்கிமுருகனை ஆட்டுக்குப் பின்னால் நடந்தே ஆளாக்கினவள். நம் சபையைச் சேர்ந்தவள் இல்லை, அவளுக்குக் குலசாமி உண்டு, வருஷா வருஷம் கொடை உண்டு. நீ எட்டாம் வகுப்பு படித்த வருஷம் ஓடைக்கரையில் இசக்கிமுருகனை விரியன் கடித்தது. பார்த்துவிட்டு ஓடி வந்து அப்பாவிடம் சொன்னது நீதான். அப்பா வெட்ட வெயிலில், ஆராதனையும் இல்லாத சாவும் இல்லாத நேரத்தில் கோயில் மணியை அடித்தார், பருத்திக்காட்டில் நின்ற சனமெல்லாம் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தது, அப்போதிருந்த போதகருடைய ஜீப்பில் பையனைத் தூக்கிப்போட்டுக் கோவில்பட்டிக்குக் கொண்டு போனார்கள், பிழைத்துக்கொண்டான். கொண்டு போனது ஜீப், பிழைக்க வைத்தது ஆஸ்பத்திரி. ஆனால் மகனை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தவள் காதில் விழுந்தது மணிச் சத்தம்தான். அன்றையிலிருந்து நம் ஆண்டவருக்கு அவள் வைத்த பெயர் மணிச்சாமி. மறு வருஷத்திலிருந்து நம் சபை அசன விருந்துக்கு ஒரு கிடா கொண்டு வந்து கட்டுவாள். குட்டியிலேயே ஒன்றைப் பார்த்து வைத்து இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டிவிடுவாள், அது மணிச்சாமிக்கு நேர்ந்தது, எவ்வளவு பணமுடை வந்தாலும் எந்த வியாபாரி வந்து கேட்டாலும் விற்க மாட்டாள். கொரோனா வருஷம் அசனம் நடக்கவில்லை, அந்த வருஷக் கிடாவை வைத்திருந்து மறு வருஷம் இரண்டாக ஓட்டிக்கொண்டு வந்தாள். நம் சபையில் பெரிய வீட்டுக்காரர்கள் அந்த வருஷத்துக் காணிக்கையை மறந்தே போனார்கள். இந்த வருஷம் அவள் கொண்டு வந்தது இருபதாவது கிடா.

பட்டியல் எழுதுகிற வாலிபர் சங்கத்துப் பிள்ளை ஒன்றும் தெரியாமல், கிடா கொடுத்தவர்கள் என்று போட்டு, ஆறாவது பெயராக வெயிலுகந்தம்மாள், மணிச்சாமி நேர்ச்சை என்று எழுதி சபை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். அன்று சாயங்காலமே உன் குரல் வந்தது. ஆறு நிமிடம் பேசியிருந்தாய். ஆட்டைக் கொடுத்தால் மகன் உயிர் தங்கும், கொடுக்காவிட்டால் போய்விடும் என்று பயந்து கொண்டுவருகிற ஒருத்தியிடம் இருபது வருஷமாகக் கறியை வாங்கித் தின்றுவிட்டு அவளுக்கு ஒரு வார்த்தை உண்மை சொல்லாமல் இருக்கிறீர்களே என்றாய். தேவன் இந்தக் கிடாவை ஏற்றுக்கொள்ள மாட்டார் என்றாய். ஒன்று, உட்கார்ந்து அவளுக்குச் சத்தியத்தைச் சொல்லுங்கள், இல்லையென்றால் கிடாவைத் திருப்பி அனுப்புங்கள் என்றாய். முப்பத்தேழு பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள். முதல் இரண்டு நிமிடம் நானும் பெருமைப்பட்டேன், ஒளிக்க மாட்டேன். நீ சொன்னது தவறு என்று எழுத நான் உட்காரவில்லை மகனே. நீ சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது. தவறாகச் சொல்லியிருந்தால் ஒரு அதட்டுப் போட்டு முடித்திருப்பேன்.

நீ இரண்டு வழி சொன்னாய். ஒன்றுக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும், அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றுக்குக் கயிறு போதும். நம் கமிட்டி எதை எடுக்கும் என்று உனக்குத் தெரியாதா? வியாழக்கிழமை அவள் கொண்டு வந்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் போன கிடாவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவிழ்த்தார்கள். அவிழ்க்கச் சொன்னது செயலாளர் செல்லத்துரை, இழுத்துக்கொண்டு போனது உன் அப்பா. கமிட்டியில் கோயில்பிள்ளைக்கு வாய் கிடையாது என்பது அவர் நினைப்பு. நான் எங்கே இருந்தேன் என்று கேட்பாய். காம்பவுண்டுக்குள் அசனத்துக்கு வெங்காயம் உரிக்கிற பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். கிடா வாசலைத் தாண்டுகிற போது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து வெங்காயத்தைப் பார்த்தேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்த வெங்காயத்தைப் பார்த்த என்மேல்தான், இருந்தாலும் உன் பாதியைக் குறைக்கப் போவதில்லை.

அங்கே நடந்ததை அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். வெயிலுகந்தம்மாள் பட்டியில் ஆடுகளை அடைத்துக்கொண்டிருந்தாளாம். காது வெட்டின கிடா திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, அறுத்துக்கொண்டு ஓடி வந்ததோ, அதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்களோ என்று நினைத்து, யண்ணாச்சி தொந்தரவு குடுத்துட்டோ என்று சிரித்தாளாம். கூடப் போயிருந்த செல்லத்துரைக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. நாங்க ஒண்ணும் சொல்லல, தோஹாவுல இருக்க நம்ம ஆசீருதான் சொல்லுதான், நீயே கேட்டுக்கோ என்று போனை எடுத்து சத்தமாகப் போட்டிருக்கிறார். ஆறு நிமிடத்தையும் போடவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லவில்லையே என்று நீ கமிட்டியைத் திட்டிய இடம் அவருக்கு எப்படிப் பிடிக்கும்? தேவன் இந்தக் கிடாவை ஏற்றுக்கொள்ள மாட்டார் என்ற இடத்தை மட்டும் தேடி எடுத்து இரண்டு தடவை போட்டிருக்கிறார். அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம். அன்னைக்கு மணி அடிக்கச் சொல்லி ஓடுன பிள்ளையா இது பேசுதது? ஆமாம் என்று அப்பா சொன்னார். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

போன் என்றால் என்னவென்று தெரியாதவள் இல்லை அவள், திருப்பூரில் வேலை பார்க்கிற மகனோடு தினமும் பேசுகிறவள்தான். ஆனால் கொடையில் சாமியாடி வாயிலிருந்து வருவது அந்த ஆள் பேச்சு இல்லை, சாமி பேச்சு என்று கேட்டு வளர்ந்தவள். அன்றைக்கு மகன் உயிருக்காக ஓடின அதே பிள்ளை வாயிலிருந்து வேண்டாம் என்று வந்தால் அவளுக்கு அது ஆசீர் சொன்னது இல்லை, மணிச்சாமி சொன்னது. நீ அவளுடைய ஒரு தவறான நம்பிக்கையை எடுக்கப் போனாய். அதை எடுக்கவில்லை, அதற்குமேல் இன்னொன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறாய். முன்பாவது கொடுத்தால் காப்பாற்றுகிற சாமி என்று இருந்தது, இப்போது கொடுத்தாலும் வாங்காத சாமி ஆகிவிட்டது. நேர்ந்த கிடாவைத் திரும்பப் பட்டியில் சேர்க்கக் கூடாதாம், விற்கவும் கூடாதாம், அறுத்துத் தின்னவும் கூடாதாம். வீட்டுக்கு வெளியே உடைமரத்தில் கட்டிக் கிடக்கிறது. தண்ணீர் வாளியைக் கம்பால் தள்ளி வைக்கிறாள், கிட்டப் போவதில்லை. மற்ற ஆடுகளை வேறு பாதையில் ஓட்டிக்கொண்டு போகிறாள். அது கத்துகிற சத்தம் கேட்கக் கூடாது என்று காதை மூடிக்கொள்கிறாள்.

இவ்வளவுதான் என்றால் நான் வருத்தப்பட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அவள் மருமகள் பாண்டிச்செல்வி எட்டு மாதம். கலியாணம் முடிந்து ஆறு வருஷத்தில் இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கின பிள்ளை. பிரஷர் அதிகமாக இருக்கிறது, வாரம் தவறாமல் வியாழக்கிழமை வந்தே ஆக வேண்டும் என்று கோவில்பட்டி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். கிடா திரும்பி வந்த பிறகு இரண்டு வியாழன் போய்விட்டது, அவளை வெயிலுகந்தம்மாள் படி தாண்ட விடவில்லை. வேண்டாம் என்று வந்த கிடா வாசலில் நிற்கிற வரைக்கும் பிள்ளைத்தாச்சி அதைத் தாண்டிப் போகக் கூடாது என்கிறாள். கிராமத்து நர்ஸ் வந்தபோது நல்லா இருக்கா என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். இசக்கிமுருகனுக்கு சுகுணா போன் போட்டால், எங்கம்மை சொல்லுதபடி இருக்கட்டும், நா பங்குனியில வாரேன் என்கிறான். நானாவது பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்று போய் நின்றேன். பாண்டிச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அத்தைக்குப் பயம்னா எனக்கு மட்டும் இருக்காதா யம்மா என்றாள். காலைப் பார்த்தேன், செருப்பு நுழையாது. கையில் மோதிரம் சதைக்குள் போயிருக்கிறது. நான் இரண்டு பிள்ளை பெற்றவள், அது நல்லதற்கு இல்லை என்று தெரியாதா எனக்கு?

முந்தாநாள் வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் சேர்ந்து போனோம். அப்பா அந்த முட்டியோடு நடந்து வந்தார், ஆட்டோ பிடிக்கலாம் என்றால் கேட்கவில்லை, இழுத்துட்டுப் போன பாதையில நடந்துதான் வருவேன் என்றார். போய் அவள் முன்னால் கையைக் கூப்பி, நான் இந்தக் கயிற்றைப் பிடித்திருக்கக் கூடாது தாயீ என்றார். பிறகு நான் பேசினேன். இருபது வருஷம் முன்பே பேசியிருக்க வேண்டியதைப் பேசினேன். எங்கள் ஆண்டவர் ஆடு கேட்கிறவர் இல்லை, கொடுக்கவில்லை என்றால் பிள்ளையை எடுக்கிறவரும் இல்லை, அன்றைக்கு உன் மகனைப் பிழைக்க வைத்ததற்கு அவர் கூலி கேட்கவே இல்லை, நீ சந்தோஷத்துக்குக் கொடுத்தால் ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுவோம், கொடுக்காவிட்டால் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, இத்தன வருசமா எங் கெடா கறியத் தின்னும்போது ஒருத்தரும் இதச் சொல்லலியே யக்கா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நீ ஆறு நிமிடத்தில் சொன்னதை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள், அவள் சொன்னபோதுதான் எனக்குள் இறங்கியது. சரி, கிடாவை இப்போதே கொண்டு போகிறோம், நான் என் கையால் வளர்க்கிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. நீங்க நல்லவிய, மனசு கேக்காமச் சொல்லுதிய, வேண்டாம்னு சொன்ன வாயி சொல்லட்டும், அதுக்குப் பொறவு அவுத்துட்டுப் போங்க என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வருகிற வழியில் செல்லத்துரை வீட்டுக்குப் போனேன். கமிட்டி மினிட் புத்தகத்தில் எழுதியாச்சு, இனி அதைத் தொட முடியாது என்கிறார். இந்த மனுஷன் போன ஆவணியில் கோவில்பட்டியில் கடை திறந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஜெபம் என்று சொல்லிப் போதகரை வரவழைத்துவிட்டு, கரண்ட் இல்லை, பந்தல்காரன் வரவில்லை, மாமனார் வண்டி வழியில் நிற்கிறது என்று சொல்லிச் சொல்லி அந்த மனுஷனுக்கு மூன்று இளநீர் வெட்டிக் கொடுத்துப் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆன பிறகுதான் ஜெபிக்கச் சொன்னார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை வெள்ளிக்கிழமை என்ன நேரம் என்று அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ராகு காலம் முடிகிற வரை போதகரைக் காக்க வைத்த சபைச் செயலாளர் இவர், இவரைத் திருத்த ஒரு ஆளும் வாய் திறக்கவில்லை. நான் உன்னிடம் போனில் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். திறப்பு விழாப் படத்துக்குக் கீழே கும்பிடுகிற கை போட்டிருந்தாய். நம் சபைக்காரன் தப்பென்றால் சிரிப்பு, ஆட்டுக்காரி தப்பென்றால் ஆறு நிமிடம். வேதம் தெரிந்தவன் தவறினால்தானே முதலில் கண்டிக்க வேண்டும், தெரியாதவளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாதா? நீ படித்த வேதத்தில் வேறு மாதிரி இருக்கிறதா? கிணற்றடியில் அந்தப் பெண்ணிடம் ஆண்டவர் முதலில் தண்ணீர் கேட்டார், அவள் தப்பை எல்லாம் பிறகுதான் எடுத்தார், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

நீ உடனே என்னைக் கேட்பாய் என்று தெரியும், அப்படியானால் யாருக்கும் எதையும் சொல்லக் கூடாதா என்று. சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் கறி தின்ற பாவம் எங்களுடையது, அதை நான் யார்மேலும் போடவில்லை. ஆனால் சொல்கிறவன் சொல்லிவிட்டுப் போனை வைக்கக் கூடாது ஆசீர். சொன்ன பிறகு அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். தப்பாக விளங்கிக்கொண்டால் மறுபடியும் சொல்ல வேண்டும், அழுதால் உட்கார்ந்திருக்க வேண்டும், மறுநாளும் போக வேண்டும். அதற்கெல்லாம் முடியாத தூரத்தில் இருக்கிறவன், முடிகிறவனுக்குத் தனியாகச் சொல்லியிருக்கலாம், எனக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு முதலில் சொல்லாமல் நூற்றிருபது பேர் கேட்கிற இடத்தில் ஏன் சொன்னாய்? சத்தியத்துக்காகவா, முப்பத்தேழு கைதட்டலுக்காகவா என்று உன்னையே கேட்டுப் பார். நான் பதில் எதிர்பார்க்கவில்லை. எனக்கும் பெரிதாகப் பேசத் தகுதி இல்லை, நீ முதல் தடவை விமானம் ஏறுகிறபோது குருத்தோலை ஞாயிறு ஓலைச் சிலுவை ஒன்றை உன் பெட்டியில் சட்டைக்கு அடியில் வைத்தேன். அது இருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு நினைப்பு. போதகர் வீட்டம்மா பார்த்துவிட்டு, பத்து நாள் கழித்து, நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு, நம் அடுக்களையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, ஓலை காக்குமா தங்கபுஷ்பம், ஆண்டவர் காப்பாரா என்று மெதுவாகக் கேட்டார்கள். நீ ஆகாயத்தில் இருக்கிறபோது கேட்டிருந்தால் நான் செத்தே போயிருப்பேன். அதற்குப் பிறகு நான் ஓலை வைப்பதில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளை திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு நான் வெயிலுகந்தம்மாள் வீட்டில் இருப்பேன், ஆடு அடைத்து முடித்திருப்பாள். உனக்கு அப்போது நாலரை. வேலையில் இருந்தால் பத்து நிமிடம் கேட்டு வெளியே வா. என் போனுக்குக் கூப்பிடு, முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு, வெறும் குரல் வேண்டாம், குரலால் பட்டது போதும். கிடாவைச் சாமி ஏற்றுக்கொண்டது என்று பொய் சொல்லச் சொல்லவில்லை, நீ சொல்ல மாட்டாய் என்றும் தெரியும், நானும் அதை விரும்பவில்லை. உண்மையையே சொல். வேண்டாம் என்று சொன்னது நான்தான் அத்தை, ஆசீர்தான், சாமி இல்லை, சாமி பேரில் நான் பேசிவிட்டேன், சாமிக்கு உங்கள்மேலும் உங்கள் பேரப்பிள்ளைமேலும் ஒரு கோபமும் இல்லை என்று சொல். ஒரு மனுஷன் வார்த்தையைக் கடவுள் வார்த்தை என்று நம்பிக்கொண்டு ஒருத்தி கர்ப்பிணியைப் பூட்டி வைத்திருக்கிறாள். தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும் என்று துடித்தாயே, இதோ இருக்கிறது ஒன்று, இதை உன்னைத் தவிர வேறு யாராலும் திருத்த முடியாது. நீ பேசி முடித்ததும் அப்பா கிடாவை அவிழ்த்து நம் வீட்டுக்குக் கொண்டு வருவார், செவ்வாய்க் காலை முதல் பஸ்ஸில் நான் பாண்டிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். வியாழன் வரை நான் விட மாட்டேன். அதற்கு முன்னால் அவளுக்கு ஏதாவது என்றால் 108-ஐக் கூப்பிட்டு, மாமியாரோடு சண்டை போட்டாவது தூக்கிக்கொண்டு போகச் சொல்லி சுகுணாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆனால் பயத்தோடு போகிறவளுக்கு எந்த மருந்து இறங்கும்?

கோபத்தில் எழுதியதில் ஒரு வார்த்தை கூடிப் போயிருந்தால் அம்மா என்று நினைத்து விட்டுவிடு, குறைந்து போயிருந்தால் நாளைக்குப் போனில் சேர்த்துக்கொள்கிறேன். வெயிலில் வேலை பார்க்கிறவன், தண்ணீர் நிறையக் குடி. மருமகளை ராத்திரி டியூட்டிக்குத் தனியாக அனுப்பாதே, நீயே கொண்டு போய் விடு. பேத்திக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடு, இந்தத் தாள்களை அவள் ஒரு நாள் படிக்க வேண்டாமா? ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் வாயையும் காப்பாராக, நான் முழங்கால் போட்டு, அப்பா முட்டி வலியால் நாற்காலியில் உட்கார்ந்து, உனக்காக ஜெபிக்கிறோம்.

நாளை ஏழு மணி, மறந்துவிடாதே. அவள் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். நீ கூப்பிடாவிட்டால், அதையும் சாமி சொன்ன பதில் என்றே எடுத்துக்கொள்வாள்.

உன் அம்மா,
தங்கபுஷ்பம்